காக்கை உட்கார்ந்ததா, பழம் பழுத்ததா?

பெங்களூரில் பழுது பார்த்த கார் தன் குறையை வெளிக்காட்ட அத்திபெலேயைப் போலத் தோதான இடம் வேறில்லை. நகருக்குள் இருக்கும்வரை அது முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக ஊர்ந்துகொண்டிருக்கும். சில்க் போர்டு சந்திப்பைக் கடந்து, 2010-ல் திறக்கப்பட்ட எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறிய பிறகுதான், ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தபின் முதல் முறையாக வேகம் எடுக்கும். சுமார் 10 கி.மீ. நீளமுள்ள அந்தப் பாலத்தை விட்டு இறங்கி, பொம்மசந்திரா, சந்தாபுரா என்று ஓடி, கர்நாடகத்தின் எல்லை ஊரான அத்திபெலேயின் சுங்கச்சாவடியில் போய் நிற்கும். முதலில் வேகம், பிறகு திடீர் நிறுத்தம். மெக்கானிக்குகள் வேண்டுமென்றே வைத்தாற்போல ஒரு பரீட்சை.

சரியாகப் பூட்டாத சக்கரம் வேகத்தில்தான் நடுங்கத் தொடங்கும். ரேடியேட்டர் ஃபேனின் ஒயரை மறுபடி செருக மறந்திருந்தால் மேம்பாலத்தில் ஒன்றும் தெரியாது. எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். சுங்கச்சாவடி வரிசையில் இஞ்சினை ஓடவிட்டு நிற்கும்போதுதான் வெப்பமானியின் முள் மேலே ஏறும். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு வரிசைகள் குறைந்தன என்பது உண்மை. ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சேலத்துக்கும் தர்மபுரிக்கும் திருச்சிக்கும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பும் நாட்களில் ஓசூர் ரோடு எந்த வில்லையை ஒட்டினாலும் நகராது.

பானெட்டிலிருந்து புகை வந்ததும் காரின் சொந்தக்காரர் முதலில் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போன் போடுவார். இந்த உரையாடல் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். "முந்தாநாள்தானே உங்ககிட்டேருந்து எடுத்தேன்? பன்னெண்டாயிரம் பில்லு. அதுவரைக்கும் நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு!" என்பார் இவர். "நாங்க பார்த்தது பிரேக் சார். இது கூலிங். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்பார் அவர். இருவரும் கத்துவார்கள். இருவருமே நேர்மையாகப் பேசிக்கொண்டிருக்கக்கூடும் என்பதுதான் இதில் விசேஷம்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை தமிழர்களுக்குப் புதிதல்ல. தர்க்கம் படித்தவர்கள் அதையே காகதாலீய நியாயம் என்பார்கள். ஒன்றையடுத்து இன்னொன்று நடந்தது என்பதாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. ஒர்க்‌ஷாப்காரரின் வாதமெல்லாம் இந்தப் பழமொழிதான். பழம் ஏற்கனவே பழுத்திருந்தது, நான் உட்கார்ந்த நேரம் விழுந்தது என்கிறார். பல சமயம் அது சரியாகவும் இருக்கும். பத்து வருடக் காரில் எந்தப் பாகமும் எந்த வாரமும் போகலாம். அது சர்வீஸுக்கு விட்ட வாரமாக அமைந்துவிட்டால் என்ன செய்வது?

ஆனால் இந்தப் பழமொழியை எல்லா இடத்திலும் ஒட்ட முடியாது என்பதை இரண்டாம் உலகப் போரின்போதே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். அவர் மெக்கானிக் அல்ல, உயிரியல் விஞ்ஞானி. சி.எச். வாடிங்டன் பிரிட்டிஷ் விமானப் படையின் கடலோரப் பிரிவில் பணியாற்றியவர். ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்த விமானங்களுக்கு 50 மணி நேரப் பறப்புக்கு ஒரு முறை முழுப் பரிசோதனை நடக்கும். எதிர்பாராத பழுதுகள் எப்போது வருகின்றன என்று வாடிங்டன் குழுவினர் கணக்கெடுத்தார்கள். அடுத்த பரிசோதனை நெருங்க நெருங்கப் பழுதுகள் கூடும் என்பதுதான் எல்லோருடைய எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு. பரிசோதனை முடிந்த உடனேதான் பழுதுகள் அதிகம். பறக்கப் பறக்கக் குறைந்துகொண்டே வந்தன. நன்றாக இருந்ததைக் கழற்றி மாட்டியதிலேயே கெடுதல் வந்திருக்கிறது என்பதுதான் இதற்கு அவர்கள் கண்ட விளக்கம். பராமரிப்பு முறை மாற்றப்பட்டது. அந்த ஆய்வு 1973-ல்தான் புத்தகமாக வெளிவந்தது. பராமரிப்புத் துறையில் இந்த விசித்திரத்துக்கு இன்றும் வாடிங்டன் விளைவு என்றே பெயர்.

1978-ல் அமெரிக்காவில் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலன், ஹீப் என்ற இருவர் பாதுகாப்புத் துறைக்காகத் தயாரித்த அறிக்கையும் இதையே வேறு விதமாகச் சொன்னது. அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் 68 சதவீதம், புதிதாகப் பொருத்திய தொடக்கத்தில்தான் அதிகம் பழுதாகின. அந்தக் கட்டத்தைத் தாண்டியவை நீண்ட காலம் தொல்லை தரவில்லை. வயதானதால் பழுது கூடும் பாகங்கள் 11 சதவீதம் மட்டுமே. கார் விமானமல்ல. தேய்மானமாகும் பாகங்கள் காரில் அதிகம், ஆயில் மாற்றாமல் ஓட்டினால் இஞ்சின் போவது நிச்சயம். எனவே சர்வீஸே வேண்டாம் என்பது இதற்கு அர்த்தமல்ல. கை வைத்த இடம் சில நாட்களுக்குச் சந்தேகத்துக்குரிய இடம் என்பதுதான் அர்த்தம்.

கை வைத்த இடம் என்ன செய்யும் என்பதற்கு மறக்க முடியாத உதாரணம் 1990-ல் கிடைத்தது. ஜூன் 10-ம் தேதி பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மாலகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தில் 87 பேர் இருந்தார்கள். சுமார் 17,000 அடி உயரத்தில் விமானியின் முன்பக்கக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் டிம் லங்காஸ்டரின் உடம்பில் பாதி வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்ஹாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள். விசாரணையில் தெரியவந்த காரணம் எளிமையானது. விமானம் கிளம்புவதற்கு 27 மணி நேரம் முன்புதான் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. அதைப் பூட்டிய 90 போல்ட்டுகளில் 84 உரிய விட்டத்தைவிட முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சிறியவை. மீதி ஆறின் நீளம் போதாது. ஆள் பற்றாக்குறையான இரவு ஷிப்டில், பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்துப் பூட்டியதன் விளைவு. செய்தவர் அனுபவமில்லாத பையன் அல்ல, ஷிப்டின் மேலாளர்.

அவசரம், ஆள் பற்றாக்குறை, கண்மதிப்பு. பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் இந்த மூன்றும் ஆஜர். "நாளைக்குக் காலைல ஊருக்குக் கிளம்பறோம், எப்படியாச்சும் ராத்திரிக்குள்ள கொடுத்துடுங்க" என்று கெஞ்சும் வாடிக்கையாளர்கள் இருபது பேர். வண்டியை ஓட்டிப் பார்க்க நேரமில்லை. தெருக்கோடி வரை போய்த் திரும்பினால் அதுதான் டெஸ்ட் டிரைவ்.

ஆகவே பனம்பழ வழக்கைத் தீர்க்க, கோபத்தை ஒதுக்கிவிட்டு ஒரு கேள்வி கேட்க வேண்டும். இப்போது வந்திருப்பது எந்த வகைப் பழுது? ரிப்பேருக்குப் பின் வரும் ரிப்பேர் மூன்று வகை.

முதல் வகை, எதற்காக விட்டோமோ அதே கோளாறு திரும்பி வருவது. இதில் பனம்பழத்துக்கு வேலை இல்லை. நோயைச் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை அல்லது மாற்றிய பாகம் சரியில்லை. இஞ்சின் விளக்கு எரிகிறது என்று விட்ட காரில் ஸ்கேனரை மாட்டிக் கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டால் விளக்கு அணையும், காரும் டெலிவரி ஆகும். காரின் கம்ப்யூட்டர் தன் சோதனைகளை மறுபடி முடிக்கச் சில ஓட்டங்கள் பிடிக்கும். இரண்டு மூன்று நாள் கழித்து விளக்கு திரும்ப எரிந்தால், காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் தெர்மாமீட்டரை உதறி வைத்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இரண்டாவது வகை, கை வைத்த இடத்திலோ அதன் பக்கத்திலோ புதிதாக வரும் கோளாறு. வாடிங்டன் சொன்னது இதைத்தான். டயர் மாற்றிய பின் சக்கர நட்டு தளர்வது ஒன்று. சரியான இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை உபயோகிக்காமல் காலால் மிதித்து முறுக்குவதுதான் பல இடங்களில் வழக்கம். அப்படியே அளந்து பூட்டினாலும் 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் ஒரு முறை இறுக்கிப் பார்ப்பது நல்லது. ஆயில் ஃபில்டர் மாற்றும்போது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புதியதைத் திருகினால், வேகத்தில் அழுத்தம் கூடும்போது ஆயில் முழுவதும் நிமிடங்களில் ரோட்டுக்குப் போய்விடும். கூலன்ட் மாற்றியபின் குழாய்களில் காற்று அடைத்துக்கொள்வது இன்னொன்று. முள் சிவப்பை நெருங்கும்போது காருக்குள் ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வருகிறதென்றால் சந்தேகம் அங்கே போக வேண்டும். பிரேக் வேலைக்குப் பின் மிதி கட்டை பஞ்சு போல அமுங்கினால் பிரேக் குழாயில் காற்று இருக்கலாம். அந்தக் காரை ஒர்க்‌ஷாப் வாசலைத் தாண்டி ஓட்டவே கூடாது.

மூன்றாவது வகைதான் வம்பு வழக்கு. கை வைக்காத இடத்தில் வரும் கோளாறு. இதில் பாதி உண்மையிலேயே பனம்பழம். மறுபாதியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரேடியேட்டரின் பழைய மூடி தளர்ந்து, அழுத்தத்தைக் கசியவிட்டுக்கொண்டிருந்திருக்கும். புது மூடி போட்டதும் அழுத்தம் முழு அளவுக்கு ஏறும். பத்து வருடமாக உப்பிப் போயிருந்த ரப்பர் ஹோஸ் அதைத் தாங்காமல் வெடிக்கும். மூடி போட்டவர் தவறு செய்யவில்லை. சரியாகத்தான் போட்டார். சங்கிலியின் ஒரு கண்ணியைப் பலப்படுத்தியதால் அடுத்த கண்ணி அறுந்தது. இங்கே மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "ஹோஸ் பழசாகிவிட்டது, இதையும் மாற்றினால் நல்லது என்று முன்கூட்டியே சொன்னீர்களா?" சொல்லியிருந்தால் பொறுப்பு வாடிக்கையாளருடையது. பார்த்தும் சொல்லாமல் விட்டிருந்தால் அவருடையது.

சொன்னாரா இல்லையா என்பதை யார் நிரூபிப்பது? வழக்கமாக யாராலும் முடியாது. காரணம், பெரும்பாலான ஒர்க்‌ஷாப்களில் கார் வாய் வார்த்தையில் உள்ளே போய், வாய் வார்த்தையில் வெளியே வருகிறது. ஜாப் கார்டு என்று ஒரு காகிதம் உண்டு. அதில் கிலோமீட்டர் அளவு, வாடிக்கையாளர் சொன்ன புகார், மெக்கானிக் கண்டது, மாற்றச் சொன்னது, வாடிக்கையாளர் வேண்டாம் என்றது எல்லாம் எழுதப்பட வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கையெழுத்து வாங்குவார்கள், ஆனால் யாரும் படிப்பதில்லை. தெருவோர ஒர்க்‌ஷாப்பில் அந்தக் காகிதமே இல்லை. "பில்லு வேணும்னா வரி சேர்ந்துடும் சார்" என்ற அன்பான எச்சரிக்கையில் பில்லும் போய்விடும். மிச்சமான வரிப் பணம், வழக்கு என்று வரும்போது தன் விலையைக் காட்டும்.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. காசு வாங்கிச் செய்த வேலையில் குறை இருந்தால் அது சேவைக் குறைபாடு. ஒர்க்‌ஷாப் வேலையும் இதில் அடங்கும். விற்ற பொருளுக்கும் செய்த வேலைக்கும் பில் கொடுக்காததையே இந்தச் சட்டம் முறையற்ற வர்த்தக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆக, பில் கேட்பது உரிமை. மெக்கானிக்கை அவமதிப்பதாகாது.

ஆனால் குறை இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுத்தவருடையது. எஸ்.ஜி.எஸ். இந்தியா என்ற நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. "ரிப்பேருக்கு முன் நன்றாக இருந்தது, பின் கெட்டது" என்பது சாட்சியமாகாது. நீதிபதிக்கும் பனம்பழக் கதை தெரியும்.

அத்திபெலே சங்கடம் இங்கேதான் பெரிதாகிறது. கார் ரோட்டோரம் நிற்கிறது. குழந்தைகள் பின்சீட்டில். இருட்டுகிறது. பக்கத்திலிருக்கும் மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்து, கையை விட்டு, "யாரு சார் இதைப் பூட்டினது?" என்று தலையில் அடித்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் சரிசெய்து அனுப்பிவிடுவார். கார் ஓடும். சாட்சியம் போய்விடும். பெங்களூர் ஒர்க்‌ஷாப் அடுத்த வாரம் சொல்லும்: "வெளியில கைவச்சுட்டாங்களே சார், இனிமே நாங்க பொறுப்பில்ல." அந்தப் பதிலிலும் நியாயம் இருக்கிறது.

எனவே வரிசை முக்கியம். முதலில் உயிர். எச்சரிக்கை விளக்கு எரிந்ததும், முள் ஏறியதும், ஸ்டியரிங் நடுங்கியதும் இடது ஓரம் கட்டி நிறுத்த வேண்டும். "ஓசூர் வரைக்கும் போயிடலாம்" என்ற சபலம் இஞ்சினையே சாப்பிட்டுவிடும். பிறகு ஒர்க்‌ஷாப்பும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் ஒரே குரலில், "விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியது யார்?" என்று கேட்கும். ஓரம் கட்டியபின் நான்கு விளக்குகளையும் மினுக்கவிட்டு, முக்கோணப் பலகையை நன்றாகப் பின்னால் வைத்து, ஆட்களைக் காரை விட்டு இறக்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிறுத்த வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 1033.

அடுத்தது சாட்சியம். யாரும் தொடுவதற்கு முன் போனில் படம் எடுக்க வேண்டும். கிலோமீட்டர் அளவு, எரியும் விளக்கு, கசியும் இடம், தளர்ந்த நட்டு, ரோட்டில் சிந்தியது எல்லாம். பிறகு ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் ஒரு செய்தி: இன்ன தேதியில் இன்ன வேலை செய்த கார், இத்தனை கி.மீ. ஓடிய நிலையில், இன்ன இடத்தில், இப்படி நிற்கிறது. நீங்கள் ஆள் அனுப்புகிறீர்களா, நான் வேறிடத்தில் பார்க்கட்டுமா? போனில் கத்துவதைவிட இந்த நான்கு வரி வாட்ஸ்அப் வலுவானது. அவர்களுக்குச் சரிசெய்ய ஒரு வாய்ப்பும் கொடுத்ததாகும். பெரும்பாலான பிரச்னைகள் இந்தச் செய்தியிலேயே முடிந்துவிடும். தன் பெயர் கெடுவதை விரும்பும் மெக்கானிக் யாரும் இல்லை.

வேறு மெக்கானிக் கை வைத்தே ஆக வேண்டும் என்றால், அவர் கழற்றிய பாகத்தை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். என்ன கண்டார் என்பதை பில்லில் ஒரு வரி எழுதித்தரச் சொல்ல வேண்டும். 'ரிப்பேர் செய்தது ரூ. 1,500' என்ற பில்லுக்கும் 'ஆயில் ஃபில்டரில் இரண்டு ரப்பர் வளையம் இருந்தது, ஒன்றை நீக்கினேன்' என்ற பில்லுக்கும் உள்ள வித்தியாசம்தான் வழக்கில் தோற்பதற்கும் ஜெயிப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

இனி எல்லைப் பிரச்னை. கார் ஓசூர்க்காரருடையது, ஒர்க்‌ஷாப் பெங்களூரில். 1986-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ, வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடியும். எனவே தமிழ்நாட்டுக்காரர் பெரும்பாலும் பெங்களூருக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. மூவாயிரம் ரூபாய் நஷ்டத்துக்கு யார் எல்லை தாண்டி வாய்தாவுக்குப் போவார்கள்? புதிய சட்டம் இந்தச் சுவரை இடித்துவிட்டது. புகார் கொடுப்பவர் தான் குடியிருக்கும் இடத்திலேயே, அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே கொடுக்கலாம். ஓசூர்க்காரர் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். இப்போது அலைய வேண்டியவர் ஒர்க்‌ஷாப்காரர். கொடுத்த தொகை ரூ. 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. இணையத்தின் வழியாகவும் பதிவு செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டுப் பார்ப்பது செலவில்லாத முதல் படி.

சொந்தமாக ஓட்டிப் பிழைக்கும் டாக்ஸிக்காரருக்கும் இந்த வழி உண்டா? அவர் தொழில் செய்பவர், நுகர்வோர் அல்ல என்ற வாதம் அடிக்கடி எழும். கோவை பி.எஸ்.ஜி. தொழிற் கல்வி நிலையம் எதிர்த்தரப்பாக இருந்த ஒரு வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. வயிற்றுப்பாட்டுக்காகத் தானே ஓட்டுவதற்கு ஆட்டோ வாங்கியவர் நுகர்வோர்தான், தானே ஓட்ட லாரி வாங்கியவரும் அப்படியே என்று உதாரணம் காட்டியது. சொந்த வண்டியைத் தானே ஓட்டி இந்த எல்லையைத் தினம் கடக்கும் டிரைவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அவர்களுக்கு ஒரு நாள் நின்றால் அன்றைய அடுப்பு எரியாது.

ஒர்க்‌ஷாப்காரருக்கும் சட்டத்தில் ஆயுதம் இருக்கிறது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவின்படி, உழைப்பையோ திறமையையோ செலவிட்டு வேலையை முடித்தவர் கூலி வரும்வரை பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். துணி கொடுத்துச் சட்டை தைக்கச் சொன்னால் தையல்காரருக்கு உள்ள அதே உரிமை. ஆகவே, "திரும்பக் கெட்டுப்போச்சு, காசு தரமாட்டேன்" என்று இரண்டாவது முறை காரை உள்ளே விட்டுவிட்டுச் சண்டை போட்டால் கார் உள்ளேயே இருக்கும். பணத்தைக் கட்டி, 'எதிர்ப்புடன் செலுத்துகிறேன்' என்று பில்லில் எழுதி, காரை எடுத்துக்கொண்டு பிறகு வாதாடுவதுதான் புத்திசாலித்தனம்.

மெக்கானிக் தரப்பில் சொல்லவும் நிறைய இருக்கிறது. ஜே.சி. ரோட்டிலோ, சென்னை ஜி.பி. ரோட்டிலோ மலிவாக ஒரு பாகத்தை வாங்கி வந்து "இதை மட்டும் மாட்டிக் கொடுங்க" என்பவர்கள் உண்டு. அந்தப் பாகம் ஒரு வாரத்தில் போனால் மாட்டியவர் என்ன செய்வார்? மாட்டிய கூலிக்குத்தான் அவர் பொறுப்பு. "நாலு சொன்னா நாப்பது ஆகும், ஒண்ணை மட்டும் பாருங்க" என்று மெக்கானிக்கின் வாயை அடைத்துவிட்டு, சொல்லாமல் விட்டதற்கு அவரையே குற்றம் சாட்டுபவர்களும் உண்டு. வேண்டாம் என்றதையும் ஜாப் கார்டில் எழுதுங்கள் என்று கேட்பது மெக்கானிக்குக்கும் பாதுகாப்பு.

இவ்வளவு வழக்கையும் தவிர்க்க ஒரே ஒரு பழக்கத்தை மாற்றினால் போதும். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் காரை சர்வீஸுக்கு விடுவது ஒரு நடுத்தர வர்க்கச் சடங்காகவே ஆகிவிட்டது. பயணத்துக்கு முன் சாமி கும்பிடுவது போல. அதைவிட மோசமான நாள் கிடைக்காது. வாடிங்டன் கணக்கின்படி, நெடும்பயணத்துக்கு மிகவும் நம்பகமான கார் நேற்று சர்வீஸிலிருந்து வந்தது அல்ல, இரண்டு வாரம் முன்பு வந்து, ஆபீஸுக்கும் கடைக்கும் போய்வந்து, ஒரு முறை நெடுஞ்சாலையில் வேகம் எடுத்து, மறுபடி நட்டு இறுக்கிப் பார்க்கப்பட்டது. காக்கை எழுந்து போய் இரண்டு வாரமாகியும் விழாத பழம், சேலம் போய்ச் சேரும் வரையிலும் விழாது என்று ஓரளவுக்கு நம்பலாம்.